மேயர் வீட்டில் ஒரு சாவு

"அம்மாவுக்கு நம்ம ஊர் முறையில நான் ஒப்பாரி வைக்கணும், அண்ணே." கேட்கவே கூடாதென்று கொர்னீலியஸ் காலையிலேயே மிரட்டியிருந்ததைத்தான் ஹனோரா கேட்கிறாள். பாதி இழுத்த திரை வழியே வரும் வெயில், பெட்டிக்குள் கிடக்கும் அம்மாவின் கன்னத்தில் மஞ்சளாய் நிற்கிறது. அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்து வந்து, இந்தத் தங்கவயல் ஊரில் பீர் ஆலை கட்டி, மேயருமாகிவிட்ட அண்ணன் கழுத்தில் கிடக்கும் பதவிச் சங்கிலியை நேராக்குகிறான். பக்கத்து அறையில் கவுன்சிலர்களின் தேநீர்க் கோப்பைகள் கிணுகிணுக்கின்றன. பெட்டியின் மூடியை அறையத் தச்சன் சுத்தியலோடு காத்திருக்கிறான்.

"காட்டுமிராண்டிங்கன்னு சிரிப்பாங்கடி. கைக்குட்டையில அழு."

"அவ கடைசியா கேட்டது இது ஒண்ணுதான். பெத்தவளுக்கு அழவும் ஓட்டெடுப்பு நடத்துவியா?"

"என் வீட்டுல நடக்காது."

ஹனோரா கொண்டை ஊசியை உருவுகிறாள். நரைத்த கூந்தல் சரிகிறது. "தெருவுல வெச்சாலும் அவளுக்குக் கேக்கும்." கவுன்சிலர்களுக்கு நடுவே நடந்து, வாசற்கதவை அகலத் திறந்துபோட்டுவிட்டு, கடைவீதியில் இறங்குகிறாள்.