தகரத்துக்கு அடியில்

"சார், அது என் வண்டி. அதுக்குள்ள உட்கார்ந்து என்ன பண்றீங்க?"

இளைஞன் கேட்டதும், நசுங்கிக் கிடந்த காரின் பின்சீட்டில் இருந்த பெரியவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. கதவை ஒட்டியிருந்த இரும்புத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கார் கம்பெனி ஆளு சார். பெரிய இன்ஜினீயராம்!" என்று பழுதுபார்க்கும் ஷெட்டின் மறுகோடியிலிருந்து டிங்கர் குரல் கொடுத்தார்.

"பெரிய விபத்துன்னா எங்களுக்குத் தகவல் வரும் தம்பி," என்றார் பெரியவர். "வண்டியோட இரும்புச் சட்டம் எப்படித் தாங்கியிருக்குன்னு பார்க்க வந்தேன்."

நூலக வேலையில் நாள் முழுக்க மற்றவர்களை 'உஷ்' என்று அடக்கியே பழகியவன் அவன். இன்று அவனை அடக்கத்தான் ஆளில்லை.

"தாங்குச்சு சார்! லாரி பக்கவாட்டுல வந்து மோதுச்சு. கதவு காகிதம் மாதிரி கசங்கிடுச்சு. பின்னால என் மனைவியும் குழந்தையும். ஒரு கீறல் இல்ல சார்! பாப்பாகூட தூக்கம் கலைஞ்ச கோபத்துலதான் அழுதா."

"அவ... உங்க மனைவி எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாங்க?"

"இப்ப நீங்க இருக்கீங்களே, அதே இடம்."

பெரியவர் அந்தத் தூணை மெல்லத் தடவினார். பரிசோதிக்க வந்த மனுஷர், ஒரு பேனாவைக்கூட வெளியே எடுக்கவில்லை.

"அப்புறம் ஏன் தம்பி முகம் இப்படி வாடிக் கிடக்கு?"

இளைஞன் தயங்கினான். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டான்.

"எங்க வீட்டுல ஆளாளுக்குக் குத்திக் காட்டறாங்க சார். 'இருக்கறதுலயே விலை கம்மியான வண்டியில பொண்டாட்டி புள்ளையை ஏத்தினியே, உனக்கெல்லாம் எதுக்குக் குடும்பம்'னு என் அண்ணனே கேட்டுட்டான். என் மனைவி பக்கத்து ஆளுங்களை நான் கண்ணால பார்த்ததே இல்ல, அதனால தப்பிச்சேன். இல்லேன்னா அவங்களும் ஒரு பாட்டம் திட்டியிருப்பாங்க. நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. ஏதோ அதிர்ஷ்டத்துலதான் பொழைச்சாங்களா? காசைப் பார்த்து அவங்க உயிரோட விளையாடிட்டேனா?"

பெரியவர் கீழே இறங்கி, அவனைத் தோளில் அழுத்திப் பக்கத்தில் குந்த வைத்தார்.

"இந்தத் தூணைப் பாருங்க. எங்க குழுமத்துலயே உசத்தியான வண்டி ஒண்ணு இருக்கே, பெரிய பெரிய ஆளுங்க வெச்சிருக்கறது, தெரியுமா?"

"தெரியாம என்ன? ஒதுங்கி வழிவிட்டிருக்கேனே."

"அதோட எலும்புக்கூடுதான் இது. தரை, தூண், குறுக்குச் சட்டம் எல்லாம் அச்சு அசல் அதேதான். மேல தகரம் வேற, சீட்டு வேற, மூக்குல ஒட்டற சின்னம் வேற. அதிர்ஷ்டம் ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க அவங்களை நல்ல வண்டியிலதான் உட்கார வெச்சிருக்கீங்க."

இளைஞன் வாயைப் பிளந்தான். "இதை ஏன் சார் விளம்பரத்துல சொல்லலை?"

"சொன்னா அந்தப் பெரிய வண்டியை எவன் வாங்குவான்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஒரு வாரமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அண்ணனுக்குப் போன் போட வேண்டும் என்று இளைஞன் நினைத்துக்கொண்டான்.

"யாரு சார் இப்படி யோசிச்சது?"

"அந்தப் பெரிய வண்டியை வடிவமைச்சவன்தான். ஒரு கிறுக்கன். சின்ன வண்டிக்கு மட்டமான சட்டம் போதும்னு கம்பெனி முடிவு பண்ணியிருந்துது. ஒத்தைக் கால்ல நின்னு மாத்தினான். 'உன் வண்டியோட மவுசை நீயே குறைக்கறியே'ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. கைக்கு வரவேண்டிய பதவியும் நழுவிப்போச்சு."

இளைஞனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அந்தப் புண்ணியவான் எங்க சார் இருக்காரு? ரெண்டும் அவர் குடுத்த உயிர். ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். என் மனைவியையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போய் நேர்ல நன்றி சொல்லணும்."

"பாப்பா யாரு ஜாடை?"

"அப்படியே அம்மா ஜாடை சார். மூக்கு நுனிக் கோபம் உட்பட."

பெரியவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிய பிறகும் அவருக்கு எதுவும் சரியாகத் தெரிந்த மாதிரி இல்லை.

"நன்றியை நான்தான் சொல்லணும். நீங்க இந்த வண்டியை வாங்கினதுக்கு."

"என்ன சார் இது, நீங்க போய் எனக்கு... அவர் அட்ரஸைக் குடுங்க. நாளைக்கே மூணு பேரும் போறோம்."

"அவ வரமாட்டா, மாப்பிள்ளை," என்றார் பெரியவர். "கல்யாணத்துக்கு நான் குடுத்த பெரிய வண்டிச் சாவியை என் மேலயே வீசிட்டுப் போன ரோஷக்காரி. அதான், நீங்க ரெண்டு பேரும் உங்க சொந்த சம்பாத்தியத்துல எந்த வண்டியை வாங்குவீங்களோ, அதுக்கு அடியில என் வண்டியை ஒளிச்சு வெச்சேன்."