மாதிரி பார்க்காத ஸ்வெட்டர்

“தலை உள்ளேயே மாட்டிக்கிச்சு. யாராவது இழுங்கடி.”

கடுகு நிறக் கம்பளிக்குள்ளிருந்து பெலிசாவின் குரல் வந்தது. ரெமியும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு கையைப் பற்றி இழுத்தார்கள். கலைந்த தலையோடு வெளியே வந்த பெலிசா, தான் பின்னிய ஸ்வெட்டரையே வெறித்துப் பார்த்தாள்.

குளிர்ந்த மலைநகரமான பாகியோவின் தேவாலயக் கூடத்தில் புதன்தோறும் கூடும் குரோஷா என்னும் கொக்கி ஊசிப் பின்னல் குழுவுக்குப் பெலிசாதான் தலைவி, சட்டமும் அவளே. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டைப் பின்னி, நனைத்து, உலர்த்தி, அளந்து அவளிடம் காட்டாமல் எவரும் எதையும் தொடங்கக் கூடாது. தன் கணவருக்கு மாதிரி பார்க்காமல் ரெமி பின்னிய தொப்பி அவர் மூக்குவரை இறங்கியபோது, “இது தொப்பியா, அரிசி மூட்டைக்கு உறையா?” என்று அனைவர் முன்னிலையிலும் கேட்டவள் பெலிசா.

ரெமி அதை மறக்கவில்லை.

“அக்கா, மாதிரி பின்னிப் பாத்தீங்களா?”

“இல்லடி.”

“காதுல விழல. கொஞ்சம் சத்தமா.”

“பின்னலன்னுதான் சொல்றேன். என் கைக்குத் தெரியாத அளவான்னு நெனச்சுட்டேன்.”

“மழை பெய்யாத ஆகஸ்டுகூட இந்த ஊருக்கு வரும். நீங்க மாதிரி பாக்காம ஊசியத் தொடுவீங்கன்னு நான் நெனக்கல.”

கூடமே சிரித்தது.

“பிரிச்சு மறுபடி பின்னுங்க அக்கா.”

“பூனை முடி மாதிரி நூலுடி இது. பிரிச்சா சிக்காகி அறுந்துடும்.” பெலிசா சுற்றிலும் பார்த்தாள். “அம்பாரோ, உன் ஒடம்புக்குத்தான் இது நுழையும். போட்டுத் தொலை.”

ஓரத்தில் மெல்லிய பருத்திச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்த அம்பாரோ நிமிர்ந்தாள். நோயில் படுத்தெழுந்ததிலிருந்து பாதியாய் இளைத்திருந்தாள். சென்ற மாதம் குழுவினர் கொடுத்த கம்பளியை, “நான் இன்னும் கையேந்தற நெலமைக்கு வரல” என்று மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தவள் அவள்.

“எனக்கு எதுக்கு? முதல்ல என் நீலச் சட்டையத் திருப்பிக் குடுங்க. கழுத்துப் பட்டியப் பாத்துட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனது அப்படியே இருக்கு.”

“தரேன்டி. இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா எங்க வீட்டுக்காரர் வருஷம் பூரா சொல்லிக் காட்டுவார். என் மானத்தைக் காப்பாத்து.”

அம்பாரோ சற்று யோசித்தாள். பிறகு, பெருமூச்சோடு ஸ்வெட்டரை வாங்கி அணிந்துகொண்டாள்.

“உங்களுக்காகத்தான்.”

“புண்ணியமாப் போவ.”

அன்று மாலை, பெலிசா மறந்துவிட்டுப்போன இஞ்சித் தேநீர்க் குடுவையைத் திருப்பிக் கொடுக்க ரெமி அவள் வீட்டுக்குப் போனாள். அடுத்த புதனும் கேலி செய்வதற்கான வசனங்களை வழிநெடுகத் தயார்செய்துகொண்டே போனாள். கதவு திறந்திருந்தது. பெலிசா அடுக்களையில் இருந்தாள்.

வீட்டு முன்னறை மேசையில் நீலச் சட்டை ஒன்று விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் தோளில் அளவு நாடா கிடந்தது. பக்கத்தில் கடுகு நிறத்தில் இரண்டு மாதிரித் துண்டுகள்: நனைத்து, ஓரம் இழுத்து, ஊசி குத்தி உலர்த்தியவை.

ரெமி அடுக்களைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். நாடாவைச் சுருட்டினாள், சட்டையை மடித்து, துண்டுகளை அதனடியில் மறைத்து வைத்தாள்.

“யாரது?” என்றாள் பெலிசா உள்ளிருந்து.

“நான்தான் அக்கா. குடுவைய வெச்சுட்டுப் போறேன்.”

அடுத்த புதனன்று அம்பாரோ அந்த ஸ்வெட்டரோடு வந்தாள். தோள் தோளில் நின்றது. கை மணிக்கட்டில் முடிந்தது. எவளோ ஒருத்தி அந்தப் பொருத்தத்தைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கியதை ரெமி கவனித்துவிட்டாள்.

“மாதிரி பாக்காம பின்னுற மகராணி வந்திருக்காங்க. எல்லாரும் எழுந்து நில்லுங்கடி” என்று, பெலிசாவைக் காட்டி முன்னைவிட உரக்கக் கத்தினாள்.

கூடம் மறுபடியும் சிரித்தது. பெலிசா தலையைக் குனிந்துகொண்டாள்.

“பாவம், விடு ரெமி” என்றாள் அம்பாரோ, ஸ்வெட்டரின் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டே. “அக்காவுக்கும் வயசாகுதில்ல? இனிமே அவங்க கெடுத்துவைக்கிறத எல்லாம் நானே போட்டுக்கறேன்.”