யார் வீட்டுப் பூட்டி?

சோலையம்மாளிடம் அந்தச் செய்தியை முதலில் சொன்னவள், பைண்டிங் பிரிவில் அவளோடு தாள் மடிக்கும் முத்துப்பேச்சி.

"அக்கா, சேதி தெரியுமா? நம்ம முருகேஸ்வரியோட பூட்டி, அதான் பாட்டியோட ஆத்தா, அவ படம் வெள்ளைக்காரன் புத்தகத்துல இருக்காம். மூக்கு எம்புட்டு அகலம்னு அளந்துல்லா போட்டிருக்கான்!"

வெள்ளையர் தம் பேரரசின் குடிகளையெல்லாம் இனம் இனமாக அளந்து, படம்பிடித்து எழுதிய பழைய ஆங்கில நூல் அது. மறுபதிப்புக்காக அந்தச் சிவகாசி அச்சகத்துக்கு வந்திருந்தது.

அன்றுமுதல் அதே பிரிவில் வேலை பார்க்கும் முருகேஸ்வரிக்கு வந்த வாழ்வைப் பார்க்கவேண்டுமே! தேநீர் முதலில் அவளுக்குத்தான்.

"ஏலே, மூக்களந்த மகாராணி வாராக, வழி விடுங்க!"

கேலிதான். ஆனாலும் அதில் பாதி மரியாதை.

"அவ மூஞ்சிக்குப் பூட்டி ஒரு கேடு!" என்று சோலையம்மாள் பசையை அட்டையின்மேல் அறைந்தாள். அச்சகத்தின் காகித ஸ்டோர் சாவி அண்மையில்தான் அவள் கைக்கு வந்திருந்தது. அந்தப் பெருமைகூட இப்போது இனிக்கவில்லை.

பத்து நாள் பொறுத்தாள். பிறகு கழிவுத் தாள்களுக்குள் கிடந்த, அந்தப் படம் அச்சான பக்கத்தை உருவிப் பார்த்தாள்.

படத்திலிருந்தவளின் இடக்கையில் ஒரு தேள் பச்சை குத்தியிருந்தது. தேளுக்கு வால் இரண்டு. சோலையம்மாளின் ஆத்தாளுக்கும் அதே கையில் அதே இரட்டைவால் தேள். தாய்வழியில் வழிவழியாகக் குத்திக்கொள்வது.

"அடி களவாணி! எம் பூட்டியவா திருடிட்ட?"

அச்சகமே கேட்கச் சண்டை பிடிக்கப் புறப்பட்டவளை, முருகேஸ்வரியின் மகள் பிரீத்திகா மறித்தாள். அங்கேயே கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்ப்பவள், ஆங்கிலம் அறிந்தவள்.

"பெரியம்மா, கத்தாதீக. படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"என்னத்த எழுதியிருக்கான்? ராசாத்தின்னா?"

"'ஜெயிலில் எடுத்த படம். பஞ்சத்தின்போது ஒன்றரைப் படி கம்பு திருடியதற்கு ஆறு மாதத் தண்டனை'ன்னு எழுதியிருக்கான்."

சோலையம்மாள் அந்த ஆங்கில வரிகளை விரலால் தடவினாள்.

"உங்க கையில ஸ்டோர் சாவியக் குடுக்க இருந்த அன்னைக்குத்தான் மேனேஜர் இத வாசிச்சாரு. 'இது நம்ம சோலையம்மா சாடையா இருக்கே'ன்னு இழுத்தாரு. அம்மாதான் முந்திக்கிட்டு, 'இல்ல சார், அது எங்க பூட்டி'ன்னு சொல்லிட்டாக. இப்ப அம்மா ஸ்டோர் பக்கம் போனாலே அவரு முறைக்காரு. மத்தவகளுக்கு இந்த விவரம் தெரியாது."

சோலையம்மாள் கையிலிருந்த தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குள் போனாள். தாளையும் சாவியையும் அவர் மேசைமேல் வைத்தாள். வெளியே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"சார், இது முருகேஸ்வரி பூட்டியில்ல, எங்க பூட்டி. எடுத்தது ஒன்னரைப் படி கம்பு. ஆறு மாசம் செயில்ல கெடந்து, அந்த ஒன்னரைப் படிக் கடனையும் அடைச்சிட்டா."