முப்பத்தேழாம் எண்ணின் விடைகள்

முப்பத்தேழாம் எண்ணுக்கு நேரே விடைகள் இருந்தன.

விஜயலெட்சுமி கண்களைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியின் திரையை மறுபடியும் பார்த்தாள். அந்த வரிசை வெறுமையாக இருந்திருக்க வேண்டும்.

மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி அது. முன்பு கொழுந்து வாட்டிய நீண்ட கூடத்தில், இப்போது சேலைகளைத் தொங்கவிட்டுக் குடும்பத்துக்கோர் அறையாகப் பிரித்திருந்தார்கள். நமுனுகுல மலையிலிருந்து இறங்கிய மூடுபனி, உடைந்த கண்ணாடிகளின் வழியே நுழைந்து, ஒவ்வொரு சேலையாக விலக்கி யாரையோ தேடுவது போல நடந்துகொண்டிருந்தது.

உளவியல் சிறப்புப் பட்டத்தில் அவளுக்கு இது இறுதியாண்டு. தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகளான லயங்களில் வாழும் மக்களின் உறக்கமும் கவலையும் அவளுடைய ஆய்வுப் பொருள். முதற்சுற்றுக் கேள்விகளை முடித்து, இரண்டாம் சுற்றுக்கு நாள் குறித்திருந்த வேளையில்தான் மலை சரிந்தது.

மண்ணைத் தோண்ட வந்த இயந்திரம் ஒரு வாரமும் நில்லாமல் திரும்பிப் போயிற்று. வீடு தருவோம் என்றவர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பேரிடருக்கு முன்னும் பின்னும் ஒரே மக்களைக் கேட்டறியும் வாய்ப்பு அரியது என்றார் விரிவுரையாளர். சொல்லி முடித்த பிறகே, யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

முப்பத்தேழாம் எண் அவளுடைய அம்மா ரெங்கம்மா. மண் மூடிய லயத்திலிருந்து இன்னும் கிடைக்காதவள்.

இரண்டாம் சுற்றில் விடுபட்ட ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே காரணம் எழுத வேண்டும்: இடம்பெயர்ந்தார், மறுத்தார், இறந்தார். மூன்றில் ஒன்றை எழுதி, இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் பட்டம் இல்லை. அந்தக் கடைசிச் சொல்லை எழுத அவளுக்கு விரல் எழவில்லை. அப்பா வீரய்யாவும் கருமாதிக்கு நாள் பார்க்க ஒப்பவில்லை.

இப்போதோ கட்டங்கள் யாவும் நிரம்பியிருந்தன.

பதுளையிலிருந்து வந்து இங்குள்ளோரிடம் கேள்விகளைக் கேட்ட தோழி இஸ்ரா, சற்று முன்புதான் கோப்பை அனுப்பியிருந்தாள். தன் உறவினரை ஆய்வாளரே கேட்கலாகாது. கேட்பவர், பதில் சொல்பவரின் பெயரை அறியலாகாது. எண் அட்டையை மட்டுமே பார்க்க வேண்டும். இவ்விதிகளை வகுத்தவள் விஜயலெட்சுமியே.

உறக்கம் வருகிறதா? நன்றாக வருகிறது.

குளிர் வருத்துகிறதா? இல்லை.

கால்வலி? இப்போது இல்லை.

முதற்சுற்று முடிந்த அன்று, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு அம்மா சிரித்தது நினைவுக்கு வந்தது. "தூக்கம் வருதான்னு கேக்குறதுக்கும் ஒரு படிப்பாடி? நீயே கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே!" அன்று அம்மா, கால்வலி எப்போதும் உண்டு என்றே சொல்லியிருந்தாள்.

அப்படியானால் யாரோ மருந்து கொடுத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு கட்டிலில் கிடந்து, தேறி, நடந்து வந்திருக்கிறாள். இதே கூடத்தில், இதே பனிக்குள், ஏதோ ஒரு சேலைக்கு அப்பால் உட்கார்ந்து இஸ்ராவுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். பனி சற்று விலகினால் ஈரப் பாதங்களைச் சாக்கில் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

விஜயலெட்சுமி மரப்படிகளில் தடதடவென இறங்கி ஓடினாள்.

கீழே, அப்பா விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"அப்பா! அம்மா வந்திருக்கா! இஸ்ராகிட்ட பேசியிருக்கா!"

வீரய்யா எழுந்திருக்கவில்லை. ஊதுகுழலைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து எண் அட்டைகளை எடுத்து நீட்டினார். ஒன்று அவருடையது. மற்றொன்று, கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது தொலைந்துவிடும் என்று அம்மா அவரிடம் கொடுத்துவைத்தது.

"அது நாந்தாம்மா."

அடுப்பில் ஈரவிறகு சீறியது.

"முப்பத்தேழுன்னு அந்தப் புள்ள கூப்புட்டுச்சு. யாரும் பதில் சொல்லலை. அவ அட்டைய நான் நீட்டினேன்; அது எண்ண மட்டுந்தான் பாத்துச்சு. பேர வெட்டிட்டா, நாளைக்கு அவ வந்து எங்க நிப்பாம்மா?"

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், பெயரைக் கூப்பிடும்போது ஒருத்தி வந்துசேராவிட்டால், வரிசையில் நிற்கும் யாரேனும் குரல் கொடுப்பார்கள்: "வந்துகிட்டிருக்கா!" குரல் கேட்டால் கங்காணி சற்றுப் பொறுப்பார். கேட்காவிட்டால் அன்றைய பெயரை வெட்டிவிடுவார். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவரும் ரெங்கம்மாவுக்காக, வீரய்யா எத்தனையோ விடியல்களில் அப்படிக் குரல் கொடுத்தவர். அந்தக் கைக்குழந்தை இப்போது அவர் எதிரில் நின்றது.

"கால்வலி இல்லேன்னு சொல்லியிருக்கீங்களே, அப்பா?"

"இருக்க வேணாம்னுதான்" என்றார்.

அவள் மெல்லப் படியேறித் திரும்பினாள். பனி இப்போது கூடத்தை முழுவதுமாக நிறைத்திருந்தது. திரை மட்டும் ஒளிர்ந்தது.

ஒருவருக்காக மற்றொருவர் சொன்ன விடை செல்லாது. அதை நீக்க வேண்டும். இந்த விதியில் அவளுக்கு ஐயம் ஏதும் இல்லை. கட்டம் கட்டமாக அழித்தாள். நல்ல உறக்கம் போயிற்று. குளிராமை போயிற்று. வலியில்லாத கால்களும் போயின.

காரணம் எழுதும் கட்டம் எஞ்சியது.

அனுமதிக்கப்பட்ட மூன்று சொற்களையும் ஒருமுறை வாசித்தாள். பிறகு, அவற்றில் இல்லாத ஒரு சொல்லை, எழுத்துப் பிழையின்றித் தட்டி அனுப்பினாள்:

வந்துகொண்டிருக்கிறார்.