ஆறு வோல்ட்டும் முந்நூறு வோல்ட்டும்

“முதல்ல விளக்கிச் சொல்லுங்க சார். அப்புறம்தான் கையெழுத்து.”

சூப்பர்வைசருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினோரு மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். ஃபைலில் இந்த ஒரு தாள்தான் பாக்கி. ‘பெயின்ட் தொட்டி வேலைக்கான பாதுகாப்புப் பயிற்சி பெற்றேன். முழுவதும் புரிந்துகொண்டேன்’ என்று அச்சடித்த தாள். கீழே கையெழுத்துக்கான இடம் காலியாகக் கிடந்தது.

எதிரே நிக்கல் முலாம் பிரிவுக்காரன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தான்.

“ஏம்பா, கழுத்தறுக்கிற நேரமா இது? அந்தாளு வந்து நின்னா உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு. வீட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு, ஞாபகம் வச்சுக்க.”

“போடுறேன் சார். போடாம எங்க போவேன்? எங்களோடதும் தொட்டிதான், இதுவும் தொட்டிதான். ரெண்டுலயும் சாமானைக் கொக்கியில மாட்டி முக்குறோம், கரண்ட் விடுறோம். அப்புறம் என்ன சார் வித்தியாசம்?”

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை.

“உங்க தொட்டியில நிக்கல் கரைஞ்சு இருக்கு, தண்ணியில உப்பு மாதிரி. கரண்ட் விட்டா சாமான் மேல உலோகமா ஏறும். எடுக்கிற வரைக்கும் ஏறிக்கிட்டே இருக்கும். இங்க பெயின்ட் கரையல. சேத்துத் தண்ணி மாதிரி பொடிப்பொடியா மிதக்குது. அந்தப் பொடியைக் கரண்ட் இழுத்துக்கிட்டுப் போய் சாமான் மேல அப்புது. முழுக்க அப்பினதும் அந்தப் பெயின்ட்டே கரண்ட்டைத் தடுத்துரும், தானா நின்னுரும். அப்புறம் அடுப்புல வச்சுச் சுடணும். போதுமா?”

“கரண்ட் ரெண்டுக்கும் ஒரே அளவா சார்?”

சூப்பர்வைசர் மேசை மேலிருந்த பேனாவை உருட்டினார்.

“அங்க ஆறு வோல்ட். இங்க முந்நூறு.”

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நிக்கல் பிரிவில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். கொக்கியிலிருந்து சாமான் நழுவினால் யாரும் கரண்ட்டை நிறுத்துவதில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, சட்டென்று கையை விட்டு எடுத்துவிடுவார்கள். பதினெட்டு வருஷமாக ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

“அந்தப் பழக்கத்துல இங்க கை விட்டா?”

“கதை முடிஞ்சுது.”

“வலி தெரியுமா சார்?”

“தெரியாதுப்பா.” சூப்பர்வைசரின் குரல் இறங்கியது. “தெரியிறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

அவன் கண் கலங்கியது. பயந்துவிட்டவன் போல இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

“இதைச் சொல்ல அஞ்சு நிமிஷம்கூட ஆகலையே சார்.”

சூப்பர்வைசர் தாளை அவன் பக்கம் நகர்த்தினார்.

“போடு. தேதி போன திங்கக்கிழமை. அவசரப்படாத. நீ போட்டாத்தான் அச்சு அசலா இருக்கும்.”

அவன் பேனாவை எடுத்தான். அப்பா இல்லாத வீட்டில், தன் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் அண்ணன் போட்டுக் கொடுத்த அதே கையெழுத்தை, அதே சுழிப்போடு போட்டான். செவ்வாய்க்கிழமை நிக்கல் பிரிவிலிருந்து பெயின்ட் தொட்டிக்கு மாற்றப்பட்டு, புதன்கிழமை நழுவிய சாமானை எடுக்கக் கையை விட்ட அண்ணன், இன்னும் பிணவறையில்தான் கிடந்தான்.