மாடி போர்ஷன்

பட்டாபிராமில் வரலட்சுமியின் மாடி போர்ஷனை வாடகைக்குக் கேட்டு வந்தாள் திவ்யா.

"இன்னா வேலைம்மா?"

"விமான கம்பெனியில பைலட்டுங்களுக்குப் பாடம் எடுக்கறேன்."

"வெறும் போர்டு டீச்சரா? என் பையன் ஹேமநாதன் நெஜ விமானம் மாதிரியே இருக்கற சிமுலேட்டர்லயே உக்காந்து பைலட்டுங்களுக்குக் கத்துக் குடுக்கறவன்! உன்னைக் குடி வெச்சா, ரெண்டு பேர் வேலையும் ஒண்ணுன்னுல்ல தெரு பேசும்? ஊடு கிடையாதும்மா."

திவ்யா எழுந்தாள்.

அந்நேரம் பார்த்து உள்ளே வந்த ஹேமநாதன், திவ்யாவைப் பார்த்ததும் கைகட்டி நின்றான்.

"மேடம்! வீட்டுக்கே வந்துட்டீங்களா? சிமுலேட்டர் டீச்சருங்களுக்கு நீங்க வெக்கற வருஷப் பரீட்சையில நான் ரெண்டு தடவை ஃபெயிலானதையும், பாஸாகிற வரைக்கும் சிமுலேட்டர் பக்கமே வரக்கூடாதுன்னு நீங்க சொன்னதையும் அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நான் சொல்லலியே, ஹேமநாதன்."

தெருவுக்கே கேட்கிற குரல் வரலட்சுமிக்கு. "சாவி இந்தாம்மா" என்று அவள் சொன்னது அவள் காதுக்கே கேட்கவில்லை.