எலி சோதித்த கயிறு

தேவாலயக் கிணற்றில் தவறி விழுந்த எலியும் அணிலும் உள்ளே ஒரு கல்லில் ஒண்டிக்கொண்டிருந்தன. மழையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. மணியடிக்க வந்த கோயில்பிள்ளை எட்டிப் பார்த்து, வாளியை இறக்கினார்.

அணில் தாவி ஏறியது. "நீயும் வா!"

"கயிறு பழசா இருக்கே. நீ முதல்ல போ, பார்ப்போம்" என்றது எலி.

அணில் மேலே போய்ச் சேர்ந்தது. வாளி மறுபடியும் இறங்கியது.

"இப்பவாவது ஏறேன்!" என்று அணில் மேலிருந்து கத்தியது.

"அவர் காப்பாத்துவார்னு எனக்குத் தெரியாதா? பிரசங்க மேடைக்கு அடியிலேயே பிறந்தவன் நான். ஆனா என் கனத்தைக் கயிறு தாங்கணுமே!"

எலி கயிற்றைக் கடித்துப் பார்த்தது. ஒரு புரி விட்டது. சந்தேகம் வலுத்தது. இன்னும் அழுத்திக் கடித்தது. கயிறு அறுந்து, வாளி மூழ்கிப்போனது.

கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி எலி மேலே பார்த்துக் கத்தியது: "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல!"